வலக்கையில் சங்கு

"நில்லுட்டி. அந்தக் கையை அப்படியே வை, இறக்காத."

வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடி அலிமா பீவி சொன்னதால் அது உறுமல் மாதிரிதான் வெளியே வந்தது. முழங்காலை மடித்து அரைமண்டியில் நின்றிருந்த வேல்விழி அப்படியே உறைந்தாள். பதின்மூன்று வயது. நடனமாடப் போகும் எட்டுப் பிள்ளைகளில் முன்வரிசை. அவளுடைய வலது மணிக்கட்டு தையல்கார அம்மாவின் பிடியில் இருந்தது.

"என்னக்கா, இடுப்புல லூசா இருக்கா?" இசக்கிச்செல்வி கையிலிருந்த சலங்கைப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

அலிமா பீவி ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

"துணியெல்லாம் சரியாத்தான் இருக்கு. சாமிதான் தப்பா இருக்கு."

"என்ன சொல்லுதிய?"

"கோயில் வாசல்ல விக்கிற படத்தைப் பாத்துத்தான் நான் வெட்டுனேன். வலப்பக்கம் சிவன், புலித்தோலு. இடப்பக்கம் பெருமாளு, மஞ்சப் பட்டு. இவ என்னன்னா புலித்தோலுப் பக்கம் சங்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. பட்டுப் பக்கம் மழுவைத் தூக்குதா. தெரியாமத்தான் கேக்கேன், இது எந்த ஊரு சங்கரநாராயணரு?"

இசக்கிச்செல்வி அந்தக் கைகளை ஒருமுறை பார்த்தாள். மற்ற ஏழு பேரையும் வரிசையாக நிறுத்தி அதே அடியை ஆடச் சொன்னாள். எட்டு வலக்கையிலும் சங்கு முத்திரை. எட்டு இடக்கையிலும் மழு.

மணி மூன்று பத்து. ஆறு மணிக்கு ரத வீதி மேடை. விடிந்தால் ஆடித்தபசு. ஊரே கூடியிருக்கும். சங்கரன்கோவிலில் பால்வாடிப் பிள்ளையைக் கேட்டாலும் எந்தப் பக்கம் யார் என்று சொல்லிவிடும்.

அவள் நடன வகுப்பு நடத்தும் மாலா டீச்சருக்கு போன் போட்டாள். முழு ரிங்கும் போய் நின்றது. மறுபடியும். மறுபடியும். ஏழாவது தடவை சுவிட்ச் ஆஃப்.

நாலு மாதமாக மாலா டீச்சர் ஊரில் இல்லை. சென்னையில் ஏதோ டிப்ளமோ என்று பிள்ளைகளின் பெற்றோருக்குச் சொல்லியிருந்தது. உண்மை இசக்கிச்செல்விக்கு மட்டும்தான் தெரியும். தானாக வாய் திறந்து சொல்கிற வரைக்கும் யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று டீச்சர் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தார். சத்தியத்துக்கு வெளியே ஊர் தன் பாட்டுக்குப் பேசியது. டீச்சர் சினிமாவில் சேர்ந்துவிட்டார் என்றது ஒரு தெரு. புருஷனோடு சண்டை என்றது இன்னொரு தெரு.

வகுப்பு மட்டும் நிற்கவில்லை. வாரம் மூன்று வீடியோ வரும். இடுப்புக்கு மேல்தான் தெரியும். கைகளும் முகமும் டீச்சர் காட்டுவார், கால் வேலையை இசக்கிச்செல்வி தட்டுக்கழியால் மணையில் தட்டிச் சொல்லிக்கொடுப்பாள். பத்து வருடம் டீச்சரிடம் படித்தவள், மூன்று வருடமாக அவருக்கு உதவியாளர்.

இதையெல்லாம் கேட்டு ஆவுடையப்பன் அண்ணாச்சிக்குப் பொறுமை போய்விட்டது. வகுப்பு நடக்கிற ஹால் அவர் தலைவராக இருக்கிற சங்கத்துடையது. மூன்று வாரம் முன்பு வந்து நின்று சொன்னார்: "டீச்சரே இல்லாம டான்ஸ் கிளாஸாம். கேட்டரிங்காரன் ஹாலைக் கேட்டுக்கிட்டே இருக்கான். மேடையில பாப்போம். நல்லா இருந்தா ஹால் உங்களுக்கு. இல்லன்னா சலங்கையைக் கழட்டிட்டுப் போயிருங்க, நான் கெட்டவன் இல்ல, ஆனா இதான் முடிவு."

அந்த முடிவுக்கு இன்னும் இரண்டே முக்கால் மணி நேரம் இருந்தது.

"டிரெஸ்ஸை மாத்தித் தச்சிரலாமாக்கா?" என்றாள் இசக்கிச்செல்வி.

"எட்டையும் பிரிக்கவே ராத்திரியாயிரும். அப்படியே தச்சாலும் சாமிக்குல்லா பக்கம் மாறிரும்? நீ பிள்ளையளத் திருப்பு, துணியத் திருப்பாத."

தையல் கடைக்குப் பின்னால் தறி ஓடிய பழைய கொட்டகை காலியாகக் கிடந்தது. அங்கே எட்டுப் பேரையும் நிறுத்தினாள். "எல்லாம் மாத்தி ஆடணும். வலதுன்னா இடது, இடதுன்னா வலது. புரியுதா?"

எல்லோரும் தலையாட்டினார்கள். தட்டுக்கழி விழுந்த மறு நொடியே இரண்டு பேர் முட்டிக்கொண்டார்கள். ஒருத்தி இரண்டு கையிலும் சங்கு பிடித்தாள். யோசித்து ஆடினால் தாளம் போனது. தாளத்தைப் பிடித்தால் கை பழைய இடத்துக்கே போனது. அரை மணி நேரம் கத்தியதில் இசக்கிச்செல்விக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

வேல்விழி அழுதுகொண்டே கடைக்குள் ஓடினாள். கண் மை கன்னம் வரை வழிந்திருந்தது. ஆளுயரக் கண்ணாடி முன் நின்று துடைத்தாள். துடைத்த கையோடு, என்ன நினைத்தாளோ, ஒருமுறை ஆடிப் பார்த்தாள்.

"அக்கா," என்று கூப்பிட்டாள். "இங்கன வாங்களேன். கண்ணாடியில சரியா இருக்கு."

இசக்கிச்செல்வி வந்து பார்த்தாள். கண்ணாடிக்குள் நின்றவளின் வலக்கையில் மழுவும் இடக்கையில் சங்கும் இருந்தன.

தப்பு எங்கே நடந்தது என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. பிள்ளைகளுக்கு எதிரே நின்று சொல்லிக்கொடுக்கிற டீச்சர் வலது என்று சொல்லி, தன் இடக்கையைத்தான் தூக்குவார். பார்க்கிற பிள்ளை கண்ணாடியைப் பார்ப்பது போல வலக்கையைத் தூக்கும். மாலா டீச்சரும் போனுக்கு எதிரே உட்கார்ந்து, பழக்கத்தில், அப்படியே திருப்பி ஆடியிருக்கிறார். செல்ஃபி கேமரா தன் பங்குக்கு மறுபடியும் திருப்பிவிட்டதில் பிள்ளைகள் வலக்கை வேலையை இடக்கையில் கற்றார்கள். ஹாலில் கண்ணாடி இல்லாததால், பிள்ளைகள் தங்களைப் பார்த்துக்கொள்ள வசதியாக, இங்கிருந்து அனுப்பிய பயிற்சி வீடியோவையும் இசக்கிச்செல்வி செல்ஃபி கேமராவில்தான் எடுத்தாள். இங்கே நடந்த தப்பு அங்கே போய்ச் சேரும்போது சரியாகியிருந்தது. 'அருமை' என்று டீச்சர் பதில் போட்டுக்கொண்டே இருந்தார்.

இடதில் தொடங்குகிறார்களே என்று அவளுக்கும் முதல் வாரம் தோன்றத்தான் செய்தது. டீச்சர் புதிதாக ஏதோ செய்கிறார் என்று விட்டுவிட்டாள். டீச்சரிடம் ஏன் என்று கேட்கிற பழக்கம் அந்த வகுப்பில் யாருக்கும் கிடையாது.

"ஏட்டி வேலு, வா இங்க." இசக்கிச்செல்வி கொட்டகைக்குள் பாய்ந்தாள். "ரெண்டு ரெண்டு பேரா எதிர் எதிரா நில்லுங்க. இந்த வரிசை தெரிஞ்சபடி ஆடட்டும், யோசிக்க வேண்டாம். அந்த வரிசை, எதிர்ல நிக்கிறவளைக் கண்ணாடின்னு நெனச்சுக்க. அவ எந்தப் பக்கம் கையைத் தூக்குதாளோ நீயும் அந்தப் பக்கமே தூக்கு."

தட்டுக்கழி விழுந்தது.

முதல் தடவை தடுமாற்றம். இரண்டாவது தடவை நாலு பேரின் வலக்கைக்கு மழு வந்தது. உடம்புக்கு அது புதிது இல்லை. எந்த அடவையும் வலதில் ஒரு முறை, இடதில் ஒரு முறை என்று சின்னதிலிருந்தே பழகிய கால்கள். தொடங்குகிற பக்கம்தான் மாற வேண்டியிருந்தது.

"இப்ப நாங்க அவளுகளைப் பாத்து ஆடணுமாக்கா?" என்று மிச்ச நாலு பேரில் ஒருத்தி எதிரே போய் நின்றாள்.

"எதிர்ல நிக்காத மூதி, மறுபடியும் திரும்பிரும். அவ முதுகுக்குப் பின்னால நில்லு."

அலிமா பீவி கதவில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்தக் கணக்கு என் மண்டைக்குள்ள ஏறல. ஆனா கை சரியா வருது. நிப்பாட்டாத."

நிறுத்தவில்லை. இருபத்திரண்டு தடவை ஆடினார்கள். ஐந்தே காலுக்கு வியர்வையைத் துடைத்து, உடை மாட்டி, இசக்கிச்செல்வி அவர்களை ஷேர் ஆட்டோவில் ஏற்றினாள். வழியெல்லாம் பிள்ளைகள் வாய்க்குள் தாளச் சொல்கட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.

ஆறு பத்துக்கு மேடை ஏறினார்கள். முதல் வரிசை நடு நாற்காலியில் ஆவுடையப்பன் அண்ணாச்சி, மடியில் சால்வைப் பெட்டி. மேடை ஓரத்தில் மணையோடு உட்கார்ந்த இசக்கிச்செல்வி தட்டுக்கழியை எடுத்தாள். தட்டினாள்.

எட்டு வலக்கையில் மழு எழுந்தது. எட்டு இடக்கையில் சங்கு. கூட்டத்தில் யாரோ கும்பிட்டார்கள்.

மூன்றாவது சொல்கட்டில் வேல்விழியின் கை பழைய பக்கம் போகத் தொடங்கியது. பாதியில் பிடித்தாள். போன கையை அப்படியே வளைத்து நெஞ்சுக்கு முன் கொண்டுவந்து, அடுத்த தாளத்தில் சரியான இடத்தில் வைத்தாள். அதற்குத்தான் அதிகக் கைதட்டல் விழுந்தது.

இறங்கியதும் அண்ணாச்சி மேடைக்குப் பின்னால் வந்தார். சால்வையை யாருக்குப் போடுவது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நல்லாத்தான் இருந்தது. கண்ணுல தண்ணி வந்துட்டு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இசக்கி, நாளைக்குக் கமிட்டியில நாலு பேர் கேப்பான். ஆள் இல்லாத கிளாஸுக்கு எதை நம்பி ஹாலைக் குடுக்கன்னு. டீச்சர் வருவாளா, மாட்டாளா? எனக்கு ஒரு பதில் வேணும்."

 இசக்கிச்செல்வியின் இடுப்பில் செருகியிருந்த போன் அதிர்ந்தது. டீச்சரின் கணவர் செல்வக்குமார்.

"இசக்கி, உன் மிஸ்டு காலை இப்பத்தான் பாத்தேன். மாலா போன் என் பையில கெடந்து சார்ஜ் போயிட்டு." அவர் குரல் உடைந்திருந்தது. பிறகு அவர் சொன்னதை இசக்கிச்செல்வி ஒரு நிமிடம் அசையாமல் கேட்டாள். கடைசியில், "இந்தா, மாலா பேசுதா," என்றார்.

"பிள்ளைய நல்லா ஆடுச்சுகளா?" மிக மெல்லிய குரல்.

"ஆடுச்சு டீச்சர். எல்லாம் சரியா ஆடுச்சு. டீச்சர், இங்க அண்ணாச்சி நிக்காங்க. சொல்லிரட்டுமா?"

மறுமுனையில் சின்னதாக ஒரு சிரிப்பு. "இனிமே என்ன. சொல்லு."

அவள் போனை இறக்கினாள். எட்டுப் பிள்ளைகளும் சுற்றி நெருங்கியிருந்தார்கள்.

"டீச்சர் வருவாங்க அண்ணாச்சி. மூணு மாசத்துல வருவாங்க," என்றாள். "அவங்க சென்னைக்குப் போகவே இல்ல. மதுரையில ஒரு ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ரூம் எடுத்து இருக்காங்க. ஏற்கெனவே மூணு தடவை கலைஞ்சுபோச்சு. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அத்தனை வீடியோவும் கட்டில்ல இருந்துக்கிட்டே எடுத்ததுதான். இன்னைக்கு மூணேகாலுக்குப் பொம்பளப் பிள்ளை பிறந்திருக்கு."