ஹுவா ஹின்னில் விரித்த துண்டு

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியது அல்ல. எழுதச் சொன்னவர் மெஹபூப் பாஷா. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கிறார். அவருடைய மனைவி தாஹிரா கோபித்துக்கொண்டு காவேரிப்பட்டினத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். பாய் நேரில் போனால் கதவு திறப்பதில்லை. ஆனால் தாஹிரா அக்கா கதை படிப்பவர். வாரப் பத்திரிகையில் தொடர்கதை சொதப்பினால் ஆசிரியருக்குக் கார்டு எழுதித் திட்டுபவர்.

"நான் சொன்னா கேக்கமாட்டா. நீ எழுதிக் குடுத்தா படிப்பா, முனிவேலு" என்றார் பாய்.

கூலி பேசினோம். அக்கா திரும்பி வந்தால் ஒரு கூடை மல்கோவா. வராவிட்டால் ஒரு கூடை பெங்களூரா.* ஓசூரில் நைட் ஷிப்டு வேலையை விட்டுவிட்டுப் பகலெல்லாம் இவர் மண்டி நிழலில் உட்கார்ந்திருக்கும் எனக்கு இரண்டுமே சாப்பாடுதான். எனவே உண்மையை எழுதுவதில் எனக்கு நஷ்டமில்லை.

* கூழ் பேக்டரிக்கு லாரியில் குவித்து அனுப்புகிற காய். விருந்தாளிக்குத் தரமாட்டார்கள்.

2

முதல் தொடக்கம்: 'நீலக் கடல் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. தாய்லாந்து தேசத்தின் அந்த எழில்மிகு—'

நிறுத்திவிட்டேன். நான் கடலைப் பார்த்ததில்லை. கே.ஆர்.பி. டேமில் எதிர்க்கரையை அழித்துவிட்டால் கடல்தான் என்று ஒரு நம்பிக்கையில் எழுதினேன். போய் வந்தவரிடமே கேட்டேன்.

"கடல் எப்பிடி இருந்துச்சு பாய்?"

"இருந்துச்சு."

"அலை?"

"வந்துச்சு, போச்சு. அத உடு. அங்க மாங்கா இருக்குது பாரு, கிளி மூக்காட்டம் நீளம். உள்ள கொட்டை தகடு. அவ்ளோ சதை!"

இரண்டாம் தொடக்கம், அலங்காரம் இல்லாமல்: பாய் மண்டியை ஒட்டிப் பூச்சிமருந்துக் கடையும் வைத்திருக்கிறார். 1993இல், நிறைய விற்ற கடைக்காரர்களை மருந்து கம்பெனி தாய்லாந்துக்கு அழைத்துப் போனது. தாய்லாந்து என்றதும் அவர்கள் மனதில் என்னென்ன ஓடியிருக்கும் என்று நான் எழுதப்போவதில்லை. கம்பெனி மேனேஜர் அதையெல்லாம் முன்கூட்டியே ஊகித்துவிட்டார். குழந்தைகுட்டியோடு ஜனங்கள் வந்து ஓய்வெடுக்கும் சாதுவான ஊராகப் பார்த்து எல்லோரையும் இறக்கினார். ஊர் பெயர் ஹுவா ஹின்.

கடற்கரையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். அவற்றில் வெள்ளைக்காரக் கிழவர்கள் படுத்திருந்தார்கள். மணலில் சவாரிக்கு வாடகைக் குதிரைகள். அவை நின்றுகொண்டே தூங்கின. பர்கூரில் பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் சின்னராஜ் கேட்டாராம்: "இதுக்கா நான் பாஸ்போர்ட்டு எடுத்தேன்? எங்க ஏரிக்கரையிலயே படுத்துகினு இருந்திருப்பேனே."

3

அங்கே ஒரு பெண் கூடையில் மாங்காய் விற்றாள். சிக்கல் இதுதான்.

எங்கள் மண்டியில் விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குபவர், விற்பவர் இருவர் கைமேலும் ஒரு துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரல்களைப் பிடித்து விலை சொல்வார்கள். பிடித்த விரலின் எண்ணிக்கைதான் விலை. சுற்றி நிற்பவர்களுக்கு எதுவும் தெரியாது, தெரியவும் கூடாது. பாய்க்கு விவரம் தெரிந்ததிலிருந்து இதுதான் பிழைப்பு. இப்போது மொழி தெரியாத ஊர். கண் முன்னால் மாங்காய். தோளில் துண்டு. கை தானாகப் போய்விட்டது.

(இந்த வரியைப் பாய் அடிக்கச் சொன்னார். "'தானா போச்சு'ன்னா தப்பாத் தெரியுதுப்பா."

"பின்ன எப்பிடிப் போச்சு?"

கையை ஒரு தடவை நீட்டிப் பார்த்தார். "தானாத்தான் போச்சு.")

நாற்காலியில் கிடந்த சின்னராஜ் கண்டது: வெட்டவெளியில், ஒரு பெண்ணின் கையைத் துண்டால் மூடிப் பிடித்துக்கொண்டு பாய் அவள் முகத்தையே பார்த்து நிற்கிறார். அவளும் சிரிக்கிறாள். துண்டு விலகியதும் பாய் காசை எண்ணிக் கொடுக்கிறார். விலைதான் பேசுகிறார் என்று சின்னராஜுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எதுவுமே நடக்காத ஊருக்குப் போய் வந்தவனுக்கு, சொல்வதற்கு இது ஒன்றுதான் இருந்தது. அவர் ஊரெல்லாம் சொல்லவில்லை. தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். அது போதுமானதாக இருந்தது.

4

இந்தக் கதையில் எனக்குச் சந்தேகமான பாத்திரம் அந்த மாங்காய்க்காரி.

"அவளுக்கு என்ன வயசு பாய்?"

"அம்பது இருக்கும்."

மறுநாள் மண்டிக்குள் நுழைந்ததுமே, "அறுவதுன்னு போடு" என்றார். அடுத்த நாள் எழுபது. அதற்கடுத்த நாள், "பல்லு இல்லன்னும் போட்டுடு."

"பல்லு இல்லாதவ மாங்காய எப்பிடி ருசி பாத்து விப்பா?"

"அப்ப கீழ்ப்பல்லு மட்டும் இருக்கட்டும்."

சின்னராஜை பஸ் ஸ்டாண்டில் பிடித்துக் கேட்டேன். "முப்பதுகூட இருக்காது. லட்சணமா இருந்துச்சு" என்றார். அவரையும் நம்ப முடியாது.

கடைசியாகப் பாயிடம், "கையில சுருக்கம் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"துண்டுக்குள்ள எப்பிடித் தெரியும்?"

பிடித்தவருக்குத் தெரியாதா? கேள்வி வாய்வரை வந்தது. மல்கோவா ஞாபகமும் வந்தது. கேட்கவில்லை.

5

முடிவு அ: தாஹிரா கதையைப் படித்துக் கண்ணீர் மல்க, 'என்னை மன்னித்துவி—'

அக்காவை எனக்குத் தெரியும். அந்த வரியை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: பாய் அக்காவையும் ஹுவா ஹின்னுக்கு அழைத்துப்போய் அந்தப் பெண்ணையே நேரில் காட்டுகிறார். இதைப் படித்த பாய், "எழுதறவனுக்கு என்னா, கூட்டினு போறவன் நானு" என்றார். இதையும் அடித்தேன்.

முடிவு இ:

(இங்கே காகிதம் காலியாக இருந்தது. அப்படியே எடுத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.)

6

இந்தப் பகுதி அக்கா படித்ததில் கிடையாது.

திருத்தி நல்லபடியாக எடுத்தெழுத எனக்குச் சோம்பேறித்தனம். அடித்தல், அடைப்புக்குறி, அம்பது அறுவது எல்லாவற்றோடும் கொடுத்துவிட்டேன். நான் இருந்ததால் அக்கா கதவைத் திறந்தார். வாசலிலேயே நின்று கடைசித் தாள்வரை படித்தார். பாய் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போட்டிருந்தார்.

"தம்பி, இதுல கடலு பொய்யி. நீ டேமத்தான் எழுதிகிற" என்றார் அக்கா. பிறகு புருஷன் பக்கம் திரும்பினார். "மாங்காயில வெலைய எறக்கற மனுசன், வயச மட்டும் ஏத்திகினே போயிருக்கீங்க."

பாய் என்னை முறைத்தார்.

"எத்தன வெரல் புடிச்சீங்க?"

"ரெண்டு."

"அவ?"

"அவளுக்கு நம்ம கணக்கு தெரியல. மொத்தமா புடிச்சிக்கினா. அஞ்சும்."

"எத்தனைக்கு முடிஞ்சிது?"

பாய் கழற்றிய செருப்பைப் பார்த்தார். "அஞ்சுக்கே."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அக்காவைப் பெற்ற அத்தா மாங்காய்த் தரகர். கை பிடித்ததில் அக்காவுக்குச் சண்டையே இல்லை. அது தொழில். பிடித்த பிறகு நடந்ததுதான் சண்டை. ஐந்து பகுதி எழுதிய எனக்கு அதைக் கேட்கத் தோன்றவில்லை.

"மாமனாருகிட்டயே ஒரு வெரலு வுட்டுக் குடுக்காத ஆளு! யாரோ ஒருத்தி சொன்ன வெலைக்கு, பேரமே பேசாம ஒத்துக்கினீங்க. நான் ஒரு பொடவை கேட்டாலும், எங்கம்மா வீட்டுல ரெண்டு நாள் இருக்கட்டுமான்னு கேட்டாலும் பாதியா கொறைப்பீங்களே. ஒரு தடவயாச்சும் நான் சொன்னதுக்கே ஒத்துக்கினது உண்டா?"

பாய் என் பக்கம் திரும்பினார். தானே சொல்லத் தெரிந்திருந்தால் என்னிடம் கதை கேட்டிருக்க மாட்டார்.

"துண்ட எடுங்க" என்றார் அக்கா.

பாய் தோளிலிருந்து எடுத்து நீட்டினார். அக்கா அதை உதறி இருவர் கைமேலும் போட்டார். உள்ளே ஏதோ அசைந்தது. பாயின் முகம் முதலில் சுருங்கியது. பிறகு வாய் திறந்தது.

"அத்தனையா? கொஞ்சம்..."

"கொறைச்சீங்கன்னா கைய எடுத்துடுவேன்."

பாய் வாயை மூடிக்கொண்டார். நான் எட்டிப் பார்த்ததைக் கவனித்து, "இத எழுதாத" என்றார்.

அக்கா என்ன கேட்டார், பாய் ஒத்துக்கொண்டாரா, மறுபடியும் பேரம் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. துண்டுக்குள் நடப்பதை மூன்றாம் ஆள் கேட்கக் கூடாது. அது மண்டி வழக்கம். நான் மூன்றாம் ஆள், நீங்கள் நான்காவது. முடிவு இ இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் பார்த்ததோடு நிறுத்துகிறேன்: பாய் இன்னொரு செருப்பையும் கழற்றினார். துண்டை இன்னும் எடுக்கவில்லை.