நரைத்த தொப்பி

"என் படத்துக்குப் போட்ட மார்க்கை மாத்துங்க, பாக்."

வகுப்பே அவள் பக்கம் திரும்பியது. சுரபாயாவின் அந்தப் புகைப்படக் கல்லூரியில் சேர்ந்த அன்றே சீனியர்கள் ஓதிவிட்டிருந்தார்கள்: ஆசிரியர் விதாக்தோவிடம் 'பாக்', அதாவது ஐயா, என்று கூப்பிட்டு எதை வேண்டுமானாலும் கேள், போட்ட மார்க்கை மாற்றச் சொல்லி மட்டும் கேட்காதே. ஹொஸ்னியா கேட்டேவிட்டாள். அவளுக்கு விழுந்திருந்தது ஃபெயில் மார்க்; தேறினால்தான் படம் கண்காட்சிச் சுவரில் ஏறும். படத்தில் உப்பு வாரிக்கொண்டிருக்கும் அம்மா, அதைப் பார்க்க நாளைக்கு மதுராத் தீவிலிருந்து பஸ் ஏறுகிறாள். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் இவள்.

"கேமராவுல வெளிச்சத்த அளக்குற முள் எங்க நிக்கணும்?" என்றார் விதாக்தோ.

"நடுவுலன்னு நீங்க சொல்வீங்க."

"உன்னோடது?"

"வலது ஓரத்துல."

"அப்ப வெளிச்சம் கூடிப்போச்சு. உப்புப் பெறாத விஷயத்துக்கு வந்து நிக்கிற."

"உப்பையே எடுத்தவகிட்ட சொல்றாரு பாரு," என்று பின் பெஞ்சில் பாகஸ் முனகினான்.

முதல் வருடம் அவளும் முள் சொன்னபடி ஆடியவள்தான். முள்ளை நடுவில் நிறுத்தி எடுத்த படத்தைப் பார்த்து அம்மா முகம் சுளித்தாள். "யாரு உப்பளத்து உப்புடி இது? சாம்பலக் கொட்டுன மாதிரி! நான் வாருனதுன்னு வெளிய சொல்லிராத."

அது சுருக்கென்று தைத்தது. தைத்த இடத்தில்தான் புத்தி திறந்தது. முள்ளுக்கு உப்பும் தெரியாது, கரியும் தெரியாது. உலகமே சாம்பல் நிறம் என்று நம்பிக்கொண்டிருக்கும் குருட்டு முள் அது. எது வெள்ளை என்பதைக் கண்ணுள்ளவள்தான் சொல்ல வேண்டும்.

"உங்க தொப்பியக் கொஞ்சம் குடுங்க, பாக்."

"மார்க்குல ஆரம்பிச்சுத் தலையிலயே கை வெக்கிறா!" என்றான் பாகஸ்.

விதாக்தோ கறுப்பு வெல்வெட் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பக்கத்தில் அவள் பையிலிருந்த உப்பைப் பரப்பினாள்.

"நீங்களே எடுங்க. முழுப் படத்துலயும் தொப்பி மட்டும். அப்புறம் உப்பு மட்டும். முள் நடுவுலயே நிக்கட்டும்."

எடுத்தார். இரண்டும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தன. இரண்டும் ஒரே சாம்பல்.

"நிறத்த வெச்சு மட்டும் சொல்லுங்க. இதுல உங்க தொப்பி எது? எங்கம்மா உப்பு எது?"

அவர் திரைக்கு அருகே குனிந்து பார்த்தார்.

"பாக், தொப்பிக்கு நரை விழுந்துடுச்சு!" என்று பாகஸ் கத்தினான். வகுப்பு வெடித்துச் சிரித்தது. சற்றுப் பொறுத்து விதாக்தோவும் சிரித்தார். தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு, பழைய மார்க்கை அடித்தார்.

"பாஸ். படிக்கட்டுப் பக்கம் இடம் இருக்கு, மாட்டிக்கோ."

"முன் சுவர்ல மாட்டுறேன்."

"முன் சுவர்ல வருஷா வருஷம் என் படம்தானே தொங்கும்?"

"இந்த வருஷம் இல்ல, பாக்."

அவர் பேனாவை மூடி வைப்பதற்குள் அவள் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியேறியிருந்தாள். முன் சுவரில் ஆணியைக் காலையிலேயே அடித்துவிட்டுத்தான் வகுப்புக்கு வந்திருந்தாள்.