அன்பு மாமியாரும்

குணவதியின் மரண அறிவித்தலில் மருமகனின் பெயரை வெட்டு என்றேன். மகன் உமாசுதன் வெட்டமாட்டேன் என்றான்.

மனைவி செத்த மறுநாள். ஸ்பிரிங்வேல் வீட்டுக் குசினி மேசையில் அவன் லப்டொப்பை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தான். எங்கள் சனத்துக்கு இணையத்தளத்தில் அறிவித்தல் வந்தால்தான் சாவு சாவு. கனடாவில் இருப்பவனும் நோர்வேயில் இருப்பவனும் எழும்பியதும் முதலில் அதைத்தான் பார்ப்பான். யார் என்ன முறை, எவன் எந்த நாடு, எல்லாம் அதில் இருக்கவேண்டும். அடியில் ‘தொடர்புகளுக்கு’ என்று போட்டுப் பிள்ளைகளின் தொலைபேசி நம்பர்.

உமாசுதன் வாசித்துக் காட்டினான். “உமாசுதன், பிரியந்தினி ஆகியோரின் அன்புத் தாயாரும், பிரஷாந்தன் அவர்களின் அன்பு மாமியாரும்...”

“என்ன அன்பு? வெட்டடா அவன்ர பேரை.”

“சனம் கேட்கும், அப்பா.”

“கேட்கட்டும். என்ர பிள்ளையின்ர கையை முறிச்ச நாயின்ர பேர் என்ர மனிசியின்ர படத்துக்குக் கீழ வரக்கூடாது.”

பிரஷாந்தன் ஜேர்மனியில் இருப்பவன். என் மகள் பிரியந்தினியைக் கட்டியவன். அங்கே தமிழ்ப் பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருந்தான். மேடையில் ஏறினால் பெண்களின் பெருமையைத்தான் பேசுவான். வீட்டுக்குள் வேறு ஆள். கை முறிந்ததற்கு, குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று கோட்டில் நீதிபதிக்கு முன்னால் மெல்லிய குரலில் சொன்னானாம். கோட் அவனுக்கு, அவளிடம் கிட்டப் போகாதே, தொடர்பு கொள்ளாதே என்று கொஞ்சக் காலத்துக்குத் தடை போட்டது. அந்தத் தடை முடியப்போகிறது. நீட்டவேண்டும் என்றால் புதிதாக ஏதாவது காட்டவேண்டும். அவன் கள்ளன். தடை முடியட்டும் என்று நல்லபிள்ளையாக இருந்தான். முடிந்த அன்றே அவளைத் தேடி வருவான் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

பிரியந்தினி எந்த ஊரில் இருக்கிறாள் என்று எனக்கே சொல்லவில்லை. பெண்களை அடிக்கிறவர்களுக்கு எதிராக ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு கை கோத்த ஓர் அமைப்பு அவளைப் பாதுகாத்து வைத்திருந்தது. எனக்கு அமைப்பு என்றாலே ஆகாது. அமைப்பு என்று வந்த எவனும் காசு சேர்க்கும் ரசீதுப் புத்தகம் இல்லாமல் என் வாசலில் நின்றதில்லை. பெண்கள் நடத்தினால் மட்டும் என்ன?

பின்னேரம் அந்த அமைப்பில் வேலை செய்யும் தாரிணி வீடியோவில் வந்தாள். ஜேர்மனியில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. பக்கத்தில் பிரியந்தினி.

“அங்கிள், அறிவித்தலில அக்காவின்ர ஊர், நம்பர் ஒண்டும் போடாதேங்கோ.”

“தாயின்ர முகத்தைப் பார்க்க என்ர பிள்ளையை விடேல்லை. இப்ப பேருக்கும் தடையோ?”

“நாங்கள் மறிக்கேல்லை, அங்கிள். அக்காவின்ர பாஸ்போர்ட்டைப் பிரஷாந்தன் எரிச்சுப்போட்டார். புதுசு இன்னும் வரேல்லை.”

“அப்ப நான் வாறன். அவனை வெட்டிப்போட்டு உங்கட நாட்டு மறியலில இருக்கிறன். சாப்பாடு தருவினம்தானே?”

“அதை அக்காவைக் கேளுங்கோ.”

“இதென்ன, எதுக்கெடுத்தாலும் அவளைக் கேள், அவளைக் கேள்!”

“ஓம் அங்கிள். எங்கட வேலையே அதுதான்.”

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்தது. அதற்குள் பிரியந்தினி போனை வாங்கினாள். முகம் அழுது வீங்கியிருந்தது. குரல் அழவில்லை.

“அப்பா, அவற்ற பேரை வெட்டாதேங்கோ. அன்பு எண்டதையும் அப்பிடியே விடுங்கோ.”

“விசரே உனக்கு?”

“கேளுங்கோ. பேரைப் பார்த்தால் நாங்கள் பணிஞ்சுபோனம் எண்டு நினைப்பார். என்ர பேருக்குப் பக்கத்தில ஒரு புது நம்பர் போடுங்கோ. நான் அழுதுகொண்டு இருக்கிற நேரம் அவரால சும்மா இருக்கேலாது. கட்டாயம் கோல் எடுப்பார்.”

தாரிணி இடையில் புகுந்தாள். “நாங்கள் ஆளுக்குப் பொறி வைக்கிறேல்லை, அக்கா.”

“பொறி இல்லை, தாரிணி. மரண அறிவித்தல். அம்மா செத்தது உண்மை. நான் மகள் எண்டதும் உண்மை. எடுக்காதே எண்டு கோட் அவருக்குச் சொல்லியிருக்கு. எடுக்காமல் இருக்கட்டும்.”

அப்போதுதான் எனக்கு நெஞ்சு நிறைந்தது. இவள் என் மகள்தான்.

உமாசுதனுக்கு மனமில்லை. “அம்மாவின்ர அறிவித்தலில போய் இப்பிடி ஒரு வேலையோ?” என்றான்.

“கொம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்ளுறன். நீ நம்பரை அடி.”

தாரிணி தங்கள் வக்கீலைக் கேட்டுவிட்டு வந்தாள். போன் அமைப்பின் அலுவலகத்திலேயே இருக்கும். மணி அடித்தாலும் யாரும் தூக்கமாட்டார்கள், பதிலும் போடமாட்டார்கள். அவனாக அனுப்பினால் அது அவன் பாடு.

அறிவித்தல் வந்ததும் அந்தப் போன் ஓயவில்லையாம். “பாரிஸ் அன்ரி ஒராள் ஒப்பாரியே வைச்சு அனுப்பியிருக்கிறா, அங்கிள். முழுக்கக் கேட்டனான். என்ர ஜேர்மன் பொஸ் பயந்துபோனா,” என்றாள் தாரிணி. மனைவி செத்த வீட்டில் நான் சிரித்தேன்.

குணவதியை எரித்துவிட்டு வந்து குளித்தேன். துவாயோடு நிற்க, உமாசுதன் போனை நீட்டினான். அந்தப் புது நம்பருக்கு வந்த பிரஷாந்தனின் குரல்பதிவு, தாரிணி அனுப்பியது. முதலில் தேன்.

“பிரியா, மாமிக்கு என்ர அஞ்சலி. என்ர பேரைப் போட்டதுக்கு நன்றி. இப்பவாவது கொப்பருக்குப் புத்தி வந்திருக்கு.” பிறகு ஒரு செருமல். “தடை முடியட்டுமடி. எந்தப் பொந்துக்குள்ள இருந்தாலும் இழுத்தெடுப்பன். போனமுறை கைதான் முறிச்சனான். இந்தமுறை கழுத்து.”

மறுபடி கேட்டேன். உமாசுதன் கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டான். எனக்கு அழுகை வரவில்லை. பசி வந்தது. அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டேன்.

அமைப்பு அதைக் கோட்டில் போட்டுக் காட்டியது. தடையை நீட்டினார்கள். தடையை மீறியதற்கும் மிரட்டியதற்கும் அவனைப் பிடித்து மறியலில் போட்டார்கள். தாரிணி ரசீது எதுவும் நீட்டவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அது மட்டும் காணாது.

குணவதியின் அந்திரட்டிக் கிரியை முடிந்த சாப்பாட்டுக்கு ஒரு மண்டபம் எடுத்திருந்தோம். சிட்னி பென்டில் ஹில்லில் இருந்து சிறி வந்தான். பிரஷாந்தனின் தாய்மாமன். இந்தக் கலியாணத்தைப் பேசி முடித்தவனும் அவன்தான். மருமகன் உள்ளே போனது அவனுக்குத் தெரியும், ஏன் என்பதை மட்டும் தனக்கு ஏற்றமாதிரித் தெரிந்துவைத்திருந்தான். வடையைக் கடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

“அண்ணை, புருசன் பொஞ்சாதிப் பிரச்சினையைக் கோட்டுக்குக் கொண்டுபோய் ஒரு படிச்ச பெடியனை நாசமாக்கிப் போட்டியள். வழுக்கி விழுந்ததுக்கு அவன் என்ன செய்வான்?”

சுற்றி இருந்த கொஞ்சப் பேர் தலையாட்டினார்கள். என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டுதான்.

முந்தியென்றால் அங்கேயே அவன் பல்லை உடைத்திருப்பேன். வெளியே போய்ப் பிரியந்தினிக்குக் கோல் எடுத்தேன். எதற்கும் அவளைக் கேட்கிற பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

“சிறி வந்து நிக்கிறான். எல்லாருக்கும் முன்னால அவன்ர குரலைப் போடட்டோ?”



“கை முறிஞ்ச அண்டைக்கு சிறி மாமாவுக்குத்தான் முதல் கோல் எடுத்தனான், அப்பா. கொஞ்சம் அனுசரிச்சுப் போ பிள்ளை எண்டவர்.” பிறகு சொன்னாள். “போடுங்கோ. மைக்கில போடுங்கோ.”

அஞ்சலி பேச வைத்திருந்த மைக்கை எடுத்துப் போனுக்குக் கிட்டப் பிடித்தேன். மாமிக்கு அஞ்சலி என்றதும் சிறி மரியாதையாக எழும்பி நின்றான். கழுத்து என்ற இடத்தில் அப்படியே நின்றான். தலையாட்டியவர்கள் இலையைப் பார்த்தார்கள்.

“அண்ணை, நிப்பாட்டுங்கோ. பொம்பிளையள் இருக்கினம்,” என்றான் சிறி.

“அவையளுக்குத்தான் போடுறன்.”

பெண்கள் இருந்த பின்வரிசையில் இருந்து ஒரு குரல் வந்தது. “அங்கிள், எங்களுக்கு வடிவாக் கேட்கேல்லை.”

சத்தத்தைக் கூட்டி முதலில் இருந்து போட்டேன்.