இரண்டாவது குதிகால்

சின்ன மருமகள் செய்த ஒரே தப்பு, மாமியாருக்கு ஒரு ஜோடி சாக்ஸ் பின்னிக் கொடுத்ததுதான். பின்னப் பின்னத் தானாகவே நிறம் மாறும் நூல். கணுக்காலில் ஊதாவாகத் தொடங்கி விரல் நுனியில் மஞ்சளாக முடிந்தது. மாமியார் அதைப் போட்டுக்கொண்டு போய்க் காட்டாத வீடில்லை. அப்புறம் மச்சினருக்கு மீன் செதில் போட்ட சாக்ஸ், நாத்தனாருக்கு ஆந்தை முகம், நாத்தனாரின் மாமனாருக்குக்கூட நட்சத்திரம்.

"வெளிய போய் என்னத்தக் கிழிக்கப் போற? உக்காந்து பின்னு" என்று நூல்கண்டுகளை மடியில் கொட்டிவிட்டு, மாமியார் வாசலைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சாவியை எங்கேயாவது தொலைத்த நாட்களில் மட்டும் பூட்டாமல் போவார். அன்றைக்குத்தான் இவள் தெருமுனை வரை காலாற நடப்பாள்.

பொறுத்துப் பார்த்தவள், இந்த முறை வேண்டுமென்றே காரியத்தைக் கெடுத்தாள். மாமியாரின் புது சாக்ஸில், குதிகாலுக்கென்று பின்னும் குழிவைப் பாதத்தின் மேல்பக்கத்திலும் இன்னொன்றாகப் பின்னிவைத்தாள். போட்டால் கால் வீங்கியதுபோல் புடைத்து நிற்கும். இனி யாரும் ஊசியைத் தொடவே விடமாட்டார்கள் என்று உள்ளுக்குள் ஒரே குஷி.

மாமியார் போட்டுப் பார்த்தார். புடைப்பை அமுக்கினார். முகம் மலர்ந்துவிட்டது.

"அடி சமத்து! பை வச்சுல்ல பின்னியிருக்க! இரு, எல்லார்கிட்டயும் காட்டிட்டு வந்துடறேன்."

வெளியே பூட்டு விழுந்தது. மாமியார் குனிந்து, அந்தக் குழிவுக்குள் சாவியைப் பத்திரமாகச் செருகிக்கொள்வது ஜன்னல் வழியே தெரிந்தது.