நாலாமவர் யாரை வணங்கினார்?

நாலாமவர் பதினோராமவரைத் தம் குரு என்று சொல்கிறார். ஆறு வருடமாக என் உயிரை வாங்கிய சிக்கல் இதுதான்.

அது ஒரு மடத்தின் குரு வரிசை. மொத்தம் பதினேழு பேர். பெயர்கள் நீளமானவை, ஒன்றைப் போலவே இன்னொன்று இருக்கும். அதனால் எங்கள் சுவடி நூலகத்தில் எல்லோரையும் எண்ணால்தான் அழைப்போம். நூறு வருடத்துக்கு முன்பு அச்சான ஒரு பட்டியலில் ஒன்று முதல் பதினேழு வரை வரிசையாகப் போட்டிருக்கிறது. ஒருவர் மறைந்ததும் அடுத்தவர் பீடத்தில் அமர்ந்தார் என்று எல்லோரும் அதைப் படித்தார்கள். அப்படியானால் நாலாமவருக்கும் பதினோராமவருக்கும் நடுவில் ஆறு பேர் வந்துபோயிருக்க வேண்டும். ஆனால் நாலாமவர் எழுதிய வேதாந்த உரையின் முதல் ஏட்டிலேயே, தமக்குத் துறவு கொடுத்தவர் என்று பதினோராமவரைப் பெயர் சொல்லி வணங்குகிறார். எள்ளுப்பேரனைக் காட்டி இவர்தான் என் அப்பா என்று சொல்வது போல.

அந்த உரையைப் பதிப்பிப்பதுதான் என் வேலை. மூன்று பிரதிகளை வரிக்கு வரி ஒப்பிட்டு, செல்லரித்த இடங்களைக் கண்ணாடி வைத்துப் படித்து, ஆறு வருடம் ஓடிவிட்டது. புதன்கிழமை காலை தலைமைப் பதிப்பாசிரியர் என்னைக் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். மேசையில் ஒரு தாள்கூடக் கோணலாக இருக்காது.

"உக்காரும்மா. சுத்தி வளைக்காம சொல்லிடறேன். உன் உரையை இந்தத் தொகுதியில சேர்க்க முடியாது."

"ஏன் ஐயா?"

"நாலாமவர் அதை எழுதியிருக்க முடியாது. ரொம்பப் பின்னாடி வந்த யாரோ எழுதி அவர் தலையில கட்டியிருக்காங்க. அவசரத்துல குருவோட பேரை மட்டும் தப்பாப் போட்டுட்டான். கள்ளப் பத்திரம் எழுதறவன் தேதியில மாட்டுற மாதிரி."

"பட்டியல் தப்பா இருந்தா?"

"பதினேழு பேர் பட்டியல் தப்பு, ஒரே ஒரு வரி சரியா? நீ யார் பக்கம்னு எனக்குத் தெரியுது. வெள்ளிக்கிழமை மதியம் அச்சகத்துக்குப் போகுது. அதுக்குள்ள ஏதாவது கிடைச்சா கொண்டா. இல்லேன்னா முன்னுரையில 'போலி'ன்னு ஒரு பத்தி எழுதி முடிச்சிடறேன்."

போலி. ஆறு வருடத்துக்கு அந்த ஒரு சொல்.

கீழ்த்தளத்துக்கு இறங்கினேன். அங்கே சுவடிகளைப் பழுதுபார்க்கும் அறை. அதைப் பார்த்துக்கொள்பவன் என் கணவரின் தம்பி. வீட்டிலும் அவன் வாய்தான் முதலில் எழுந்திருக்கும், இங்கேயும் அப்படித்தான்.

"என்ன அண்ணி, மூஞ்சி தொங்குது? பேராசிரியர் காய்ச்சிட்டாரா?"

"காய்ச்சி, ஆத்தி, குடிச்சே முடிச்சிட்டார்."

நடந்ததைச் சொன்னேன். அவன் முன்னால் மேசையில் அந்த மடத்தின் மூலக் கட்டே இருந்தது. பதினேழு ஓலைகள், ஆளுக்கு ஒன்று. ஒவ்வொன்றிலும் அந்தந்த குருவைப் போற்றி இரண்டு சுலோகம் இருக்கும், அவ்வளவுதான். யார் யாருக்குச் சீடர், எந்த ஆண்டு என்று ஒரு எழுத்தும் கிடையாது. பூச்சி அரித்து, கயிறும் இற்றுப்போனதால் இரண்டு வாரம் முன்பு பழுதுபார்க்க அனுப்பியிருந்தார்கள்.

"இதுலயாவது வரிசை வேற மாதிரி இருக்கான்னு பாத்தியா தம்பி?"

"அதே வரிசைதான். ஆனா சீட்டுக்கட்டை வெட்டி வெச்ச மாதிரி இருக்கு. மேல இருக்கிறது பதிமூணாமவர். அப்படியே பதினேழு வரைக்கும் போய், அப்புறம் ஒண்ணு, ரெண்டுன்னு பன்னிரண்டுல முடியுது. கையெழுத்தும் கலந்துகட்டி. நாலு பேர் எழுதியிருக்காங்க, ஒருத்தர் கையும் சேர்ந்தாப்ல இல்ல."

"எவனோ அவசரத்துல கோத்திருப்பான்."

"அதான் நானும் நெனச்சேன்."

அடுத்து வந்ததை நான் இன்னும் நம்பாமல்தான் நினைத்துப் பார்க்கிறேன். கதவைத் தட்டிக்கொண்டு ஒரு துறவி உள்ளே வந்தார். அந்த மடத்தில் பண்டகசாலையைப் பார்ப்பவர். கையில் ஒரு துணிப்பை, காலில் ரப்பர் செருப்பு, பேருந்தில் நின்றுகொண்டே வந்த களைப்பு.

"கட்டை எடுத்துட்டுப் போக வரலம்மா, பயப்படாதீங்க. நாளைக்கு எங்களுக்கு ஒரு குருவோட நினைவு நாள். அந்த ஓலையைப் படிக்கணும். எழுதிட்டுப் போயிடலாம்னு வந்தேன்."

என் கொழுந்தன் கையுறையைக் கொடுத்தான். அவர் போட்டுக்கொண்டார். யார் எவர் என்று தேடவே இல்லை. மேலே இருந்த ஓலையை எடுத்தார். சத்தமாகப் படித்தார், நோட்டில் எழுதிக்கொண்டார். பிறகு, நாம் படித்து முடித்த செய்தித்தாளை மடித்து அடியில் செருகுவது போல, அந்த ஓலையைக் கட்டின் அடியில் வைத்தார்.

"சாமி, மேல இருந்ததை அடியில வெச்சிட்டீங்க" என்றான் அவன்.

"அங்கதானே வெக்கணும்? இனிமே இது அடுத்த வருஷம்தானே வேணும்."

நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டேன்.

"சாமி, நாளைக்கு யார் நாள்னு எப்படித் தெரிஞ்சுது?"

"நாள் எங்க மடத்துச் சுவர்ல ஒட்டியிருக்கும்மா. யாருன்னு பாக்க வேண்டியதே இல்லை. மேல இருக்கிறவர்தான். அதுக்குத்தானே இப்படிச் சுத்துறது? மடம் நடுவுல முப்பது வருஷம் பூட்டிக் கிடந்துச்சு. நாங்க வேற ஊர்ல இருந்து வந்து திறந்தோம். பழைய சமையல்காரர் ஒருத்தர் உயிரோட இருந்தார். அவர்தான் சொல்லிக்கொடுத்தார், படிச்சதும் அடியில போடுங்கன்னு."

"யாருக்கு அப்புறம் யார் பீடத்துக்கு வந்தாங்கன்னு அவர் சொன்னாரா?"

"அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அச்சுப் பட்டியலைத்தான் நாங்களும் நம்பறோம்."

மடத்தின் ஆண்டுத் தாள் அவர் பையிலேயே இருந்தது. பதினேழு நினைவு நாட்கள், மாதமும் திதியுமாக. வருடம் கிடையாது. வழிபாட்டுக்கு நாள் தெரிந்தால் போதும், வருடம் எதற்கு? அதனால் மடங்கள் நாளை நூற்றாண்டுக் கணக்கில் பிசகாமல் காப்பாற்றுகின்றன, வருடத்தைப் பொருட்படுத்துவதே இல்லை. என்னைப் போன்றவர்கள் வருடத்தைத் தேடிப் போய், இல்லை என்றதும் நாளையும் தூக்கி எறிந்துவிடுகிறோம். அந்தத் தாளை நான் மூன்று முறை பார்த்திருக்கிறேன். வருடம் இல்லாத தாள் எனக்கெதற்கு என்று மூன்று முறையும் மடித்து வைத்திருக்கிறேன்.

இப்போது விரித்தேன். "தம்பி, ஓலையை ஒண்ணொண்ணா சொல்லு."

அவன் சொல்லச் சொல்ல நான் தாளில் விரலை நகர்த்தினேன். நாளைக்குப் பதிமூன்றாமவர். பதினெட்டு நாள் கழித்துப் பதினாலாமவர். அதற்கடுத்த மாதம் பதினைந்தாமவர். பதினேழு முடிந்து ஒன்று, இரண்டு, மூன்று... ஒரு இடத்திலும் விரல் பின்னால் போகவில்லை.

"அண்ணி, இது குரு வரிசையே இல்ல!"

"காலண்டர்!" என்று நான் கத்தியதில் மாடியில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

துறவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதுக்கா இவ்வளவு சத்தம்? என்னைக் கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லியிருப்பேனே."

"கேக்கணும்னு தெரியலையே சாமி!"

அவருக்கு விளக்கினேன். நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் மடத்துக்கு வந்து இந்தக் கட்டை மேலிருந்து கீழாகப் படியெடுத்திருக்கிறார். அன்றைக்கு மேலே இருந்தவருக்கு ஒன்று என்று எண் போட்டுவிட்டார். மூன்று மாதம் கழித்து வந்திருந்தால் வேறொருவர் ஒன்றாம் எண் ஆகியிருப்பார். ஆதிகுரு என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பவர், படியெடுத்தவர் வந்த நாளுக்கு அடுத்து நினைவு நாள் வந்தவர். அவ்வளவுதான்.

"அப்போ உண்மையான ஆதிகுரு யாரும்மா?" துறவியின் குரலில் முதன்முறையாகப் பரபரப்பு.

அதுதான் அடுத்த கேள்வி. பட்டியலை உடைத்துவிட்டோம், ஆனால் அதன் இடத்தில் வைக்க எங்களிடம் ஒன்றுமில்லை. பேராசிரியர் 'சரி, உன் வரிசை எங்கே' என்று கேட்பார்.

என் கொழுந்தன் ஓலையை விளக்கு மேசையில் வைத்துப் பூச்சித் துளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீழிருந்து வெளிச்சம் வரும் கண்ணாடி மேசை அது. துளை இருக்கும் இடமெல்லாம் பளிச்சென்று தெரியும்.

"அண்ணி, இந்தப் பூச்சி ஓலையைத் தின்னப்போ கட்டு எந்த வரிசையில இருந்துச்சு?"

நான் விளக்கு மேசைமேல் குனிந்தேன்.

"இப்ப இருக்கிற வரிசையில இல்ல. பாருங்க, இந்த ஓலையில இருக்கிற துளைக்கு நேரா அடுத்த ஓலையில துளை இல்ல. தள்ளியிருக்கு. பூச்சி தாவிப் போகாது. குடைஞ்சுக்கிட்டேதான் போகும்."

இது எப்படி என்றால், ஓலைக் கட்டை இறுக்கிக் கட்டினால் பூச்சிக்கு அது ஒரே மரத்துண்டு. புழு உள்ளே நுழைந்து சாய்வாகக் குடைந்துகொண்டே போகும். அதனால் ஒரு ஓலையில் இருக்கும் துளை அடுத்த ஓலையில் இம்மி நகர்ந்திருக்கும், அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். போகப் போகப் புழு கொழுக்கும், துளையும் பெருக்கும். பிறகு யார் ஓலைகளைக் கலைத்து எப்படி அடுக்கினாலும் துளையை மாற்ற முடியாது. துளைகள் ஒரே சாய்கோட்டில் வரும்படி அடுக்கினால், பூச்சி பார்த்த வரிசை நம் கையில்.

ஒவ்வொரு ஓலைக்கும் அவன் ஏற்கெனவே படம் எடுத்து வைத்திருந்தான். வியாழக்கிழமை முழுக்க இருவரும் கணினியில் படங்களைப் பெரிதாக்கி, கயிறு கோக்கும் துளையிலிருந்து பூச்சித் துளை எவ்வளவு தூரம் என்று அளந்தோம். அவன் அளந்ததை என்னிடம் சொல்லவில்லை, நான் அளந்ததை அவனிடம் சொல்லவில்லை. ஒருவர் எண் இன்னொருவர் கண்ணை மயக்கிவிடக் கூடாது. கடைசியில் இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். ஓலைக்கு அரை மில்லிமீட்டர் வீதம் சீராக நகர்ந்தது. எங்கள் இருவரின் வரிசையும் ஒன்று.

ஆறு, பதினைந்து, இரண்டு, பதினொன்று, நாலு...

"அண்ணி!"

"பாத்துட்டேன், பாத்துட்டேன்!"

பதினொன்றும் நாலும் அடுத்தடுத்து. நடுவில் ஆறு பேர் இருந்த இடத்தில் இப்போது ஒரு துரும்பு நுழைய இடமில்லை.

இன்னும் இரண்டு பூச்சிகள் குடைந்த தடமும் இருந்தது. அவையும் அதே வரிசையைத்தான் காட்டின. நான் அழுதேனா சிரித்தேனா என்று அவனைக் கேட்டால் இரண்டும் என்பான்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியரின் மேசையில் பதினேழு படங்களையும் பரப்பி, காலண்டர் விஷயத்தையும் பூச்சி வரிசையையும் சொன்னேன். அவருடைய ஒழுங்கான மேசை ஐந்து நிமிடத்தில் சந்தைக்கடை ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி போட்டார்.

"பூச்சி சாட்சி சொல்லுதுன்னு முன்னுரையில எழுதச் சொல்றியா?"

"மூணு பூச்சி ஐயா. கூட்டு சேரத் தெரியாத மூணு பூச்சி."

அவர் உதடு துடித்தது. சிரிப்பை அடக்குகிறார்.

"பூச்சி காட்டுற வரிசை பீடத்து வரிசைதான்னு எப்படிச் சொல்ற? அதுவும் வேற ஏதாவது காலண்டரா இருந்தா?"

நல்ல கேள்வி. அதற்குத்தான் காத்திருந்தேன். "கையெழுத்தைப் பாருங்க ஐயா."

அச்சுப் பட்டியலின் வரிசையில் நாலு பேர் கையெழுத்தும் குழம்பிக் கிடக்கும். பூச்சி வரிசையில் அடுக்கியதும், முதல் ஐந்து ஓலை ஒரே கை. அடுத்த நாலு இன்னொரு கை. அடுத்த ஆறு மூன்றாவது கை. கடைசி இரண்டு நாலாவது கை. ஒருவர் எழுதிவைத்ததற்குப் பின், அடுத்த காலத்தவர் புதிய ஓலைகளை எழுதிச் சேர்த்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அப்படி வளர்ந்த கட்டை நாள் வரிசைக்கு யாரோ பிறகு மாற்றியிருக்கிறார்கள்.

அவர் ஒவ்வொரு படமாக எடுத்து எழுத்தின் சுழியைப் பார்த்தார்.

"ஒண்ணே ஒண்ணு பாக்கி. பூச்சிக்கு முன்னும் தெரியாது பின்னும் தெரியாது. இந்தக் கோட்டுக்கு ரெண்டு முனை இருக்கு. எது தொடக்கம்? ஆறாமவரா, இந்தக் கோடியில இருக்கிறவரா?"

"நீங்க போலின்னு சொன்ன வரிதான் ஐயா அதைச் சொல்லுது. நாலாமவர் பதினோராமவரைக் குருன்னு சொல்றார். குரு முன்னாடி, சீடர் பின்னாடி. அப்போ ஆறாமவர் பக்கம்தான் தொடக்கம்."

பேராசிரியர் நாற்காலியில் சாய்ந்தார். பிறகு திடீரென்று எழுந்து, அறைக்கதவைத் திறந்து, "தட்டச்சு செய்யறவரைக் கூப்பிடுங்க! சீக்கிரம், மதியம் வண்டி வந்துடும்!" என்று கத்தினார். அந்த மனிதர் கத்தி நான் கேட்டதே இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"நீயே சொல்லும்மா. தெரிஞ்சதை மட்டும் சொல்லு. வருஷம் எதுவும் போடாத."

"வருஷம் நமக்குத் தெரியாதே ஐயா."

"அதையும் சொல்லு."

தட்டச்சு செய்பவர் வந்து உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன்:

அச்சுப் பட்டியல் பதினேழு குருமாரின் நினைவு நாட்கள் ஆண்டுக்குள் வரும் வரிசை. அவர்கள் பீடத்தில் அமர்ந்த வரிசை அல்ல. ஓலைகளின் பூச்சித் துளைகளும் கையெழுத்துகளும் காட்டும் வரிசையில், பட்டியலின் ஆறாமவர் முதலில் வருகிறார். ஒன்றாம் எண் பெற்றவர் ஒன்பதாவதாக வருகிறார். இவர்கள் வாழ்ந்த ஆண்டுகள் தெரியவில்லை. பதினோராமவருக்கு அடுத்துப் பீடத்துக்கு வந்தவர் நாலாமவர். உரையின் முதல் ஏட்டில் அவர் வணங்குவது தமக்கு நேர் முன்னால் இருந்த குருவை. அந்த உரையைப் போலி என்று தள்ளக் காரணமில்லை. அது இந்தத் தொகுதியில் சேர்க்கப்படுகிறது.