கவனக்குறைவு அல்ல

அச்சக மேலாளர் நீட்டிய கடிதத்தைக் கமாக்காவால் படிக்க முடியவில்லை. கணவர்தான் படித்துச் சொன்னார்.

"'கவனக்குறைவு காரணமாகப் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்.' அவ்வளவுதாம்மா. கீழ கையெழுத்து, தேதி."

முப்பத்தொரு வருடம் மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாளில் பிழை திருத்தியவள். யாருமே படிக்காத எழுத்தைப் படிக்கச் சம்பளம் வாங்கியவள். ஒரு கமா தப்பினாலும் ஓடுகிற இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுவாள் என்று அச்சகத்தில் கமா என்று பேர் வைத்தார்கள். வயதாக ஆக அது கமாக்கா ஆயிற்று.

நடந்தது இதுதான். குழந்தைகள் இருமல் மருந்துத் தாளில் 2.5 மில்லி என்பது 25 என்று விழுந்திருந்தது. புள்ளி காணாமல் போனது அவள் கண்ணில் படவில்லை. தாள்களைக் கட்டுப் போடுகிற பெண் பார்த்துச் சத்தம் போட்டாள். ஒரு தாள்கூட வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் கமாக்காவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. வேலையை விட்டுவிட அவளே தயார். காரணம்தான் தொண்டையில் முள்ளாக நின்றது.

"கண்ணு தெரியல சார். கவனம் எங்கயும் போகல. கண்ணு போச்சுன்னு எழுதுங்க, இப்பவே கெளம்பறேன்."

மேலாளர் கோப்பைத் திறந்தார். "போன மாசம் நீங்களே கொண்டுவந்து குடுத்த சர்ட்டிஃபிகேட் இது, அக்கா. 'பார்வை நிலையாகவும் திருப்திகரமாகவும் உள்ளது.' டாக்டரே திருப்தியா இருக்காரு. நான் யாரை நம்பறது? அவர் வேற மாதிரி எழுதிக் குடுத்தா நானும் மாத்தி எழுதறேன்."

அந்தத் திருப்தியின் கதையைச் சொல்லியாக வேண்டும். இடது கண் போய்ப் பத்து வருடம். வலது கண்ணின் விழித்திரை நடுவில் ரத்தக்குழாய் கசிய ஆரம்பித்ததும் கண்ணுக்குள் ஊசி போட்டார்கள். ஏழு வருடத்தில் ஐம்பத்திரண்டு ஊசி. முதல் நாலு வருடம் ஊசி தன் வேலையை யோக்கியமாகச் செய்தது. அதற்கு அவள் கையெடுத்துக் கும்பிடுவாள். பிறகுதான் நடுவில் ஒரு சாம்பல் கறை வந்து உட்கார்ந்தது. ஆளைப் பார்த்தால் மூக்கு இருக்காது, சொல்லைப் பார்த்தால் நடு எழுத்து இருக்காது. பூதக்கண்ணாடி, பக்கவாட்டுப் பார்வை, பாதி மனப்பாடம் என்று வண்டியை ஓட்டினாள். அதைச் சொல்லும்போதெல்லாம் மருத்துவர் ஸ்கேனில் கசிவு இல்லை என்று பார்த்துவிட்டு ஒரே வரியைச் சொல்வார்:

"சூப்பர்மா. நல்லா காஞ்சிருக்கு."

கொடியில் போட்ட துணிக்குச் சொல்கிற வார்த்தையை ஒருத்தியின் கண்ணுக்குச் சொல்லிவிட்டு, அதற்கு அவள் சிரிக்கவும் வேண்டும் என்று எதிர்பார்ப்பார்.

மறுநாள் காலை கணவனும் மனைவியும் மருத்துவமனைக்குப் போனார்கள். கூடத்துச் சுவரில் மருத்துவர் பதினோரு இடங்களில் சிரித்துக்கொண்டிருந்தார், ஒவ்வொன்றிலும் கையில் ஒரு கேடயம். பன்னிரண்டாவது படத்தில் கமாக்கா. கீழே கொட்டை எழுத்தில் 'ஏழாண்டு வெற்றி'.

"உன் போட்டோவுக்குக் கீழ வெற்றின்னு போட்டிருக்கான். எலெக்சன்ல நின்னியா?" என்றார் கணவர். முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். வாய்க்கு பிரேக் கிடையாது.

"சும்மா இருங்க. எனக்கு எரியுது."

பார்வை சோதிக்கும் அறையில் ஒரு சின்னப் பெண் கோப்பைப் புரட்டிக்கொண்டே சொன்னாள். "உக்காருங்கம்மா. நேரா பாத்து அஞ்சாவது வரி படிங்க."

"ப, ட, ன, ர, ய," என்றாள் கமாக்கா மடமடவென்று.

"வெரி குட்."

"என்னம்மா குட்டு?" என்றார் கணவர். "பெட்டில லைட்டே போடலயே! எனக்கே அங்க ஒண்ணும் தெரியல."

சின்னப் பெண் கோப்பிலிருந்து நிமிர்ந்தாள். எழுத்துப் பெட்டி இருட்டாகத்தான் இருந்தது.

ஒருமுறை மெய்ப்புப் பார்த்த எழுத்து கமாக்காவின் மண்டையை விட்டுப் போகாது, தொழில் அப்படி. இரண்டாம் முறை வந்தபோதே, ஐந்தாவது வரி 'ன'வுக்கு வால் தேய்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்று சொல்லியிருந்தாள். மாற்றவில்லை. ஏழு வருடமாக அதே அட்டை. அவள் பொய் சொல்லவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் எழுத்துகள் தாமாக வரிசையில் வந்து நின்றன. அதைப் பார்ப்பது என்று நினைத்திருந்தாள். சான்றிதழில் திருப்திகரமாக இருந்தது அவளுடைய ஞாபகசக்தி!

"வேற அட்டை இருக்காம்மா?" என்றாள் கமாக்கா.

பக்கத்து அறையிலிருந்து வேறு அட்டை வந்தது. விளக்கும் எரிந்தது. உள்ளங்கை அகலத்துக்கு முதல் எழுத்து.

"ஓரத்துல ஏதோ கோடு தெரியுது. நேரா பாத்தா போயிடுது."

"அடுத்ததும்மா?"

"அதுவும் இல்ல."

சின்னப் பெண் தான் எழுதிய பார்வை எண்ணைப் பார்த்துத் தானே பயந்துபோனாள்.

மருத்துவர் நாலு இளம் மருத்துவர்கள் புடைசூழ வந்தார், மாப்பிள்ளை அழைப்பு மாதிரி. ஸ்கேனைத் திரையில் போட்டார். "பாருங்க, ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எவ்வளவு அழகா..."

"காஞ்சிருக்கு. தெரியும். காஞ்ச எடத்துல என்ன இருக்கு டாக்டர்?"

மருத்துவர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் தழும்பு. சுத்தி செல்லெல்லாம் தேஞ்சிருக்கு. பல வருஷம் போனா சில பேருக்கு இப்படி ஆகும். அது நோயோட போக்கு, ஊசி தோத்ததுன்னு சொல்ல முடியாது."

"ஊசிய நான் குத்தம் சொன்னேனா? தழும்பு எப்பலேருந்து?"

"ஒரு... மூணு வருஷமா."

"மூணு வருஷம்! ஏன் சொல்லல?"

"மனசு ஒடைஞ்சு ஊசிக்கு வராம போயிடுவீங்கன்னுதான். உங்க நல்லதுக்கு."

"என் நல்லதுக்கா?" கமாக்கா எழுந்துவிட்டாள். "எனக்குத் தெரிஞ்சிருந்தா அன்னிக்கே பேனாவ மூடி வெச்சிருப்பேன். நீங்க சூப்பர்னு சொன்னீங்க, நான் கொழந்தைங்க மருந்துல புள்ளி தேடிட்டு இருந்தேன். கெடச்சா புள்ளி, கெடைக்கலேன்னா ஒரு புள்ள உசுரு! என் மனசு ஒடையறத நான் பாத்துக்க மாட்டேனா? அதுக்கும் நீங்கதான் டாக்டரா?"

இளம் மருத்துவர்கள் நால்வரும் தரையில் எதையோ தேடினார்கள்.

மருத்துவர் விறுவிறுவென்று ஒரு கடிதம் எழுதினார். கணவர் வாங்கிப் படித்தார். "'சிகிச்சை முழு வெற்றி பெற்றுள்ள நிலையில், பார்வை சற்றுக் குறைந்துள்ளதாக நோயாளி கூறுகிறார்.'"

"முழு வெற்றிய அடிங்க," என்றாள். "சற்று, அதையும் அடிங்க. நோயாளி கூறுகிறார் வேண்டாம். நான் கூறல, உங்க ஸ்கேன் கூறுது."

"அம்மா, வெளிய முப்பது பேரு காத்திருக்காங்க..."

"நான் மூணு வருஷம் காத்திருந்தேன்."

மூன்றாவது தாளில்தான் கடிதம் தேறியது: வலது கண்ணின் நடுவில் தழும்பும் தேய்மானமும் உள்ளன, மூன்றாண்டுகளாக உள்ளன, நடுப்பார்வை இல்லை, முன்பு கொடுத்த சான்று தவறு. 'தவறு' என்கிற மூன்றெழுத்தை எழுத மருத்துவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு ஊசியே போட்டிருக்கலாம்.

"அடுத்த ஊசிக்கு வருவீங்கல்ல?" என்றார் மெதுவாக.

"ஊசி வேணுமா வேண்டாமான்னு, இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க. கேட்டுட்டு முடிவு பண்றேன். அந்தப் போட்டோவ இன்னிக்கே கழட்டுங்க."

அங்கிருந்து நேரே அச்சகத்துக்குப் போனார்கள். மேலாளர் படித்தார். எழுந்து நின்றார். பழைய கடிதத்தைக் கிழித்துவிட்டுப் புதிதாக அடித்துக் கொடுத்தார். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டுப் போடுகிற பெண் வாசலில் வந்து நின்று, "அக்கா, நான் சத்தம் போட்டிருக்கக் கூடாது," என்று அழுதாள்.

"போட்டதாலதான் தப்பிச்சோம். போய் வேலையப் பாரு," என்றவள், கணவர் பக்கம் திரும்பினாள். "படிங்க."

"'பார்வை குறைவு காரணமாக, இவரது நீண்ட காலப் பிழையற்ற...'"

"நில்லுங்க. பார்வைக்கும் குறைவுக்கும் நடுவுல 'க்' இருக்கா?"

கணவர் தாளைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "இல்லம்மா."

"கவனக்குறைவுன்னு எழுதினப்ப 'க்' சரியா விழுந்துதே சார்," என்றாள் மேலாளரிடம், கைப்பையைக் கீழே வைத்து உட்கார்ந்துகொண்டே. "திருத்திக் குடுங்க. அதுவரைக்கும் நான் இங்கதான் வேலை பாக்கறேன்."