வலது பக்கம்

கஞ்சிக் கரண்டியை உதட்டருகே கொண்டுபோனதும் ஞானப்பிரகாசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தாடையில் வழிந்ததை மகள் லூர்து மேரி துடைத்தாள். காலையில் பங்குச் சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் கொடுத்துவிட்டுப் போன பிறகு கிழவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான், வேதநாயகத்தை வரச்சொல் என்று. அவனும் திருநெல்வேலி டவுணில் ஜவுளிக்கடை வேலையைப் போட்டுவிட்டு, சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழாத் தோரணம் இன்னும் அவிழ்க்காத தெருக்களைத் தாண்டி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, பாளையங்கோட்டைக்கு வேர்க்க விறுவிறுக்க வந்து கட்டிலருகே உட்கார்ந்திருந்தான்.

எதற்கு வரச் சொன்னார் என்பது மேரிக்குத் தெரியும். கோயிலுக்குப் பின்னால் உள்ள அறையில், பிரெஞ்சுக்காரர் ஆளுகிற புதுச்சேரிக்கும் சைகோனுக்கும் வேலைக்குப் போக நினைக்கிற ஆட்களுக்கு அவர் பிரெஞ்சு வாசிக்கச் சொல்லிக்கொடுத்துவந்தார். இனி அந்த வகுப்பு யாருக்கு என்பதை அவரே சொல்லட்டும் என்று சாமியார் விட்டுவிட்டார். அது தனக்கு வரும் என்று மேரி நம்பியிருந்தாள். வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆனாலும் நம்பியிருந்தாள்.

நம்பாமல் என்ன செய்வாள்? அந்த வகுப்புக்கு அச்சடித்த புத்தகம் கிடையாது. கொற்கையில் கடலைத் தேடிப் போகிற ஒரு கிழவனைப் பற்றி அவரே கதை கட்டி, இடது பக்கம் பிரெஞ்சும் வலது பக்கம் தமிழுமாக, வரிக்கு வரி எதிரெதிரே வரும்படி எழுதித் தைத்திருந்தார். பிரெஞ்சு அவர் கையெழுத்து, தமிழ் மேரியின் கையெழுத்து. மை ஊறும் என்று தாளுக்கு ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது. முறை வருகிறவன் வலது பக்கத்தை ஓலை நறுக்கால் மூடிக்கொண்டு இடது வரியை வாசிக்க வேண்டும். புரியாவிட்டால் ஓலையைக் கொஞ்சம் இறக்கித் தமிழைப் பார்த்துக்கொள்ளலாம். முக்கால்வாசிப் பேர் ஓலையை இறக்கியேதான் வைத்திருந்தார்கள். அதில் வேதநாயகம் முதல் ஆள்.

கண்ணில் புரை விழுந்த பிறகு ஞானப்பிரகாசம் பிரெஞ்சு வரியை மனப்பாடமாகச் சொல்வார். எதிர் வரியை மேரி தமிழில் வாசிப்பாள். சில நாள் அவர் ஒரு வரியை விட்டுவிடுவார். சத்தங்காட்டாமல் இவளும் விட்டுவிடுவாள். பிரெஞ்சு தெரியாதவள் எப்படிச் சரியான வரிக்குத் தாவுகிறாள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. காரியக்கார மனுஷன், கேட்டால் பதில் வந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

“ஏலே வேதநாயகம், வகுப்ப இனிமே நீதாம்லே பாத்துக்கிடணும். புத்தகத்தயும் நீயே வச்சுக்கோ.”

வேதநாயகம் மேரியைப் பார்த்தான். “அக்கா இருக்காவல்லா, ஐயா.”

“அவளுக்கு வலது பக்கந்தாம்லே தெரியும்.”

மேரி கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். சோறாக்கிப் போட்டு, மை காய்ச்சி, தமிழெழுதி, கண்ணுக்குக் கண்ணாக இருந்ததற்குக் கூலி இதுதானா என்று மனசுக்குள் கேட்டாள். கஞ்சி ஆறுகிறதே என்றும் ஒரு பக்கம் தோன்றியது.

“எங்க, வாசி பாப்போம்,” என்றார் கிழவர்.

வேதநாயகம் புத்தகத்தைப் பிரித்தான். மரியாதைக்கு ஓலையையும் வைத்துக்கொண்டான். “இல்... இல் செ...” என்று இழுத்தான். கண் ஓலைப்பக்கம் போய்ப் போய் வந்தது. கிழவர் காத்திருந்தார். மூச்சு இரைந்தது.

தலைமாட்டில் நின்று விசிறிக்கொண்டிருந்த மேரி வாயைத் திறந்தாள். “இல் செர்ஷ் லா மேர்.” அவன் கடலைத் தேடுகிறான். அவள் புத்தகத்தைப் பார்க்கவில்லை. கிழவன் கொற்கைக்கு வருவது, வயலுக்கு நடுவே நின்று அலைச்சத்தத்துக்குக் காது கொடுப்பது, உழுகிறவன் அவனைப் பார்த்துச் சிரிப்பது என்று எல்லாவற்றையும் பிரெஞ்சிலேயே வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போய், “லா மேர் எ பார்த்தி,” என்று முடித்தாள். கடல் போய்விட்டது.

ஞானப்பிரகாசத்தின் முகம் தெளிந்தது.

“நல்லா வாசிச்சேலே, வேதநாயகம்.”

வேதநாயகம் தலையைக் குனிந்துகொண்டான். “சரிங்கய்யா,” என்றான்.

அவருக்குப் போனது கண் மட்டும்தான். முந்தின நாள்கூடக் குசினியில் பூனை பாத்திரத்தை உருட்டியதற்குப் படுக்கையிலிருந்தே அதட்டினார். பெற்ற மகள் குரலுக்கும் ஜவுளிக்கடைக்காரன் குரலுக்கும் வித்தியாசம் தெரியாத காது இல்லை அது. மேரி விசிறுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அழுகை வந்துவிடும், அதை அவர் காதில் போட அவளுக்கு மனமில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவர் மூச்சு அடங்கியது.

மறுநாள் பெட்டி வந்தது. விரல்களில் செபமாலையைச் சுற்றிக் கிடத்தினார்கள். மூடியைப் போடுவதற்கு முன்னால் வேதநாயகம் பைய அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“அக்கா, தப்பா நெனைக்காதிய. அந்தப் புத்தகம்... சாமியாரு சீக்கிரமா வகுப்ப ஆரம்பிக்கச் சொல்லுதாரு.”

“வாசிச்சது அக்காதான்னு நேத்து நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சாவக் கெடக்க மனுஷன்ட்ட எப்படிக்கா...”

“சரி, செத்த நில்லு.”

சவத்துணி வெட்டிய கத்தரிக்கோல் பெட்டியருகே கிடந்தது. அதை எடுத்துப் புத்தகத்தின் தையலை நறுக்கினாள். தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்தாள். பிரெஞ்சுத் தாள்களைத் தட்டிச் சீராக்கி அவன் கையில் கொடுத்தாள்.

“அப்பா ஒனக்குக் குடுத்தது இது.”

“தமிழ்ப் பக்கம்?”

“எனக்கு வலது பக்கந்தான்னு நீ இருக்கையிலதான சொன்னாவ.”

தமிழ்த் தாள்களை மடித்துத் தகப்பனின் தலையணைக்கு அடியில் செருகினாள். சாய்ந்திருந்த தலையை நேராக்கிவிட்டு, ஆணி அடிக்கச் சொன்னாள்.

சுத்தியல் சத்தத்துக்கு நடுவே வேதநாயகம் ஒதுங்கிப் போய் நின்று, அடுக்கின் நடுவிலிருந்து ஒரு தாளை உருவினான். ஒரு வரியில் விரலை வைத்தான். பழக்கத்தில் கண் வலது பக்கம் போனது. அங்கே வெள்ளையடித்த சுவர்தான் இருந்தது.